நூற்றில் ஐந்து

உத்திரமேரூர்
2-5-1961

அன்புள்ள அத்தானுக்கு,

தை மாதத்தில் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, "நீயாக எழுதாத வரை நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறினீர்கள். இதோ, நானாகவே எழுதுகிறேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சண்டையைத் தொடரவும் எழுதவில்லை, சமாதானம் பேசவும் எழுதவில்லை. எனக்கு ஒரு கணக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரிந்த கம்பவுண்டர் எனக்கு வாய்த்த புருஷன் ஒருவர்தான்.

சித்திரையில் நம் பிரசவ விடுதியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய் சிட்டம்மாள், தகப்பன் எல்லப்பன். இருவரும் கழனியில் கூலி வேலை செய்கிறவர்கள். தலைப்பிரசவம், ஆனாலும் கஷ்டப்படுத்தவில்லை. பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் போடுவது போல இதற்கும் கண்ணுக்கு ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் போட்டேன். நீங்கள் மருந்துக்கடையில் கலந்து அனுப்பிய பாட்டில்தான். மருந்து பட்டதும் எல்லாக் குழந்தையும் அழும், எனக்குத் தெரியாதா! இது அந்த அழுகை இல்லை. கேட்டதும் என் கை தானாகவே பாட்டிலைத் தூர வைத்துவிட்டது. மறுநாள் இரண்டு இமையும் வீங்கி ஒட்டிக்கொண்டன. மருந்து வழிந்த கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. வழக்கமாக லேசான பழுப்புதான் இருக்கும், அதுவும் இரண்டு குளியலில் போய்விடும். இப்போது இடது கண்ணின் கருவிழி மேல் பாலாடை மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. அந்தக் கண் இனி இல்லை என்றே நினைக்கிறேன். வலது கண் ரத்தச் சிவப்பாக இருந்தாலும் வெளிச்சத்துக்கு மூடுகிறது. அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு போயிருந்தால் அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். எதற்கு இந்தச் சொட்டு என்று சிட்டம்மாளின் மாமியார் ஆண்டாளம்மாள் பிரசவத்துக்கு முன்பே கேட்டிருந்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். ஆண் பெண் சேர்க்கையில் ஒட்டுகிற சீக்கு தாய்க்கு இருந்தால் அது பிள்ளையின் கண்ணைக் கெடுக்கும், யாருக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் எல்லாருக்கும் போடுகிறோம் என்றேன். கண் கெட்டதும் அவளுக்கு என் பேச்சில் முன்பாதி மட்டும் ஞாபகம் இருக்கிறது. விடுதி வாசலில் நின்று கத்தினாள்: "நர்சம்மாவே வாயால சொல்லிச்சி! ஆத்தாக்காரிக்குச் சீக்கு இருந்தாதான் கொயந்த கண்ணு அவியுமாம். எம்புள்ள தங்கம். இவ எங்க போயி வாங்கியாந்தாளோ!"

எல்லப்பன் உள்ளே வந்து, பிள்ளை பெற்ற உடம்பு என்றும் பார்க்காமல் சிட்டம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினான். "இன்னாமே, யாருன்னு சொல்லு. சொல்லிட்டுப் போ" என்றான். நான் நடுவில் புகுந்து தள்ளிவிட்டேன். அன்றைக்கே அவளைக் குழந்தையோடு கூரத்துக்கு, அவள் அப்பன் வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள்.

சிட்டம்மாளுக்கு ஒரு நோயும் இல்லை. என் கையால் பிரசவம் பார்த்த உடம்பு அது. அப்படியானால் அந்தப் பாட்டிலில் என்ன இருந்தது? நூற்றுக்கு எவ்வளவு போட்டீர்கள்? அது ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

ஜெயம்

---

செங்கல்பட்டு
5-5-1961

ஜெயத்துக்கு,

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். போலீஸ்காரன் கூட இப்படி விசாரிக்க மாட்டான்.

நூற்றுக்கு ஒன்று. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. புது எடைக்கல் வந்ததிலிருந்து எங்கள் கடையில் எல்லாம் கிராம்தான். காற்று அடித்தால் தட்டு ஆடும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு நிறுக்கிறவன் நான். முதலாளி ஏகாம்பரம் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார். அந்தக் கைதான் உன் மருந்தையும் கலந்தது. அது தப்பு செய்திருக்கும் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

குழந்தையின் கண் கெட ஆயிரம் காரணம் இருக்கும். சிட்டம்மாளுக்கு ஒன்றும் இல்லை என்று இவ்வளவு நிச்சயமாக எழுதுகிறாயே, நீ என்ன பத்து மாதமும் அவள் கூடவே இருந்தாயா? கூட இருந்த மாமியாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா? எதற்கும் யோசித்துப் பேசு.

அந்த ஊரை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு என்று தை மாதத்தில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று உட்கார்ந்திருக்கிறாய். இப்போது அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விடிகிறது. ஆவணி பிறந்ததும் கடையை என் கையில் ஒப்படைப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார். இந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் மிச்ச மருந்தைக் கண்டக்டர் சேட்டுவிடம் கொடுத்து அனுப்பு. நிறுத்துப் பார்த்துச் சொல்கிறேன். அது எந்த மாதம் அனுப்பிய பாட்டில்? எதைக் கொண்டு மூடி வைக்கிறாய்? அதையும் எழுது.

ஞானதாஸ்

---

உத்திரமேரூர்
8-5-1961

அன்புள்ள அத்தானுக்கு,

எந்த மாதப் பாட்டில் என்று நீங்களா கேட்கிறீர்கள்? தை மாதம் அனுப்பியதுதான். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பவே இல்லையே! மாசியில் சேட்டுவிடம் கேட்டனுப்பினேன், பங்குனியிலும் கேட்டனுப்பினேன். "வேணும்னா அம்மாவயே நேர்ல வந்து வாங்கிக்கச் சொன்னாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். புருஷன் பெண்சாதி சரசம் என்று நினைத்திருப்பான். எனக்கு ரோஷம். வரமாட்டேன் என்று இருந்துவிட்டேன். இருந்ததை வைத்து ஓட்டினேன். பாட்டிலில் மருந்து இறங்கிக்கொண்டே வந்தது, சொட்டுச் சொட்டாகப் போட்டுத் தீர்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூடுவது பஞ்சுதான். வெந்நீரில் அவித்து உலர்த்திய பஞ்சு. கார்க்கில் அழுக்கு ஏறும், பஞ்சுதான் சுத்தம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் வந்து தங்கியபோதெல்லாம் அலமாரியில் அதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மிச்சம் இருப்பதில் பாதியை வேறொரு சின்னச் சீசாவில் ஊற்றி, இறுக்கமாக மூடி, சேட்டுவிடம் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் உடைந்துவிடப் போகிறதே என்று மறுபாதி என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. பங்குனியில் முத்துவேல் வீட்டு மருமகளுக்கும் இங்கேதான் பிரசவம். அவர்கள் நிலம் நீச்சு உள்ளவர்கள். அந்தப் பையனுக்கும் கண் சிவந்து நாலைந்து நாள் நீர் வடிந்தது, பிறகு தெளிந்துவிட்டது. வெயில் சூடு என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த மருமகளை யாரும் எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் முத்துவேல் வீட்டு ஆட்கள் நாக்கை அறுத்திருப்பார்கள். கூலிக்காரன் பெண்சாதி என்றால் ஆளாளுக்குக் கேட்கலாம். நீங்களும் கேட்டுவிட்டீர்கள். "பத்து மாதமும் கூடவே இருந்தாயா" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் இரண்டாவது தரம் படிக்க முடியவில்லை.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் கூரத்துக்குப் போய்வந்தேன். சிட்டம்மாள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். அப்பன் முனியன் வாசலில் இருந்தார். மகளோடு அவர் பேசுவதில்லையாம். சோறு மட்டும் போடுகிறார். என்னைப் பார்த்ததும், "நர்சம்மா, எம்பொண்ணு அப்படியா?" என்று கேட்டார். பெற்றவரே கேட்கிறார்! இல்லை என்றேன். "நீ சொல்ற. ஊரு நம்பணுமே" என்றார்.

வைகாசிப் பௌர்ணமியன்று எல்லப்பன் தெருவில் பஞ்சாயத்து கூடுகிறது. தாலி உறவைத் தீர்த்து விட்டுவிடப் போகிறார்கள். தீர்த்துவிட்டால் அவளுக்கு வீடு இல்லை, பேர் இல்லை, கையில் ஒற்றைக்கண் பிள்ளை. அதற்குள் எனக்கு அந்த எண் வேண்டும்.

ஜெயம்

---

செங்கல்பட்டு
12-5-1961

ஜெயத்துக்கு,

சீசா உடையாமல் வந்தது. பார்த்தேன். ஒன்றுதான். மருந்தில் குறையில்லை.

உன்னிடம் இருக்கும் மீதியைக் கொட்டிவிட்டுப் பாட்டிலையும் கழுவிவிடு. புதுப் பாட்டில் சேட்டுவிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி மூடி போட்டது. இனிமேல் பஞ்சு வைக்காதே.

இந்த விஷயத்தை யாரிடமும் பேச வேண்டாம். அவர்கள் வீட்டு வழக்கு அவர்களோடு போகட்டும். நீ பஞ்சாயத்துக்குப் போக வேண்டியதில்லை. நான் சொல்வதை ஒரு தடவையாவது கேள்.

ஞானதாஸ்

---

உத்திரமேரூர்
18-5-1961

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கலாம் என்றுதான் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கொட்டக் கை வரவில்லை.

உங்களோடு நான் குடித்தனம் செய்தது கொஞ்ச நாள்தான். ஆனாலும் உங்களைத் தெரியும். ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் கூட, கரண்டியோடு நிறுத்தால் எவ்வளவு, கரண்டி மட்டும் எவ்வளவு என்று பாடம் நடத்துகிற மனிதர். ஒரு குழந்தையின் கண் போன விஷயத்தில், எவ்வளவு மருந்து நிறுத்தீர்கள், எதில் காய்ச்சினீர்கள், என்ன மிஞ்சியது என்று ஒன்றுமே இல்லாமல் "ஒன்றுதான்" என்று ஒரே சொல். மருந்தில் குறையில்லை என்றால் கொட்டு என்று ஏன் சொல்ல வேண்டும்? பஞ்சு சரியாக இருந்தால் கண்ணாடி மூடி எதற்கு?

கடைவீதியில் நகை வேலை செய்கிற முத்துகிருஷ்ண பத்தரிடம் போனேன். தங்கம் நிறுக்கிற தராசு அவரிடம் இருக்கிறது. கிராம் கல்லும் வைத்திருக்கிறார், ஆனால் அவருக்குக் கை பழகியது குன்றிமணிதான். என்ன விஷயம் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். தட்டில் இருந்த வேலையை எடுத்துவிட்டு, "நீயே நிறும்மா, நான் கிட்ட நின்னு பாக்கறேன்" என்றார்.

வெறும் பீங்கான் சாசரை முதலில் நிறுத்தோம். பிறகு அதில் மருந்தை ஊற்றி, நூறு குன்றிமணி எடை வரும்படி செய்தோம். கொதிக்கிற பானையின் வாயில் சாசரை வைத்து ஆவியிலேயே வற்றவிட்டேன். தண்ணீர் எல்லாம் போய்ச் சாசரின் அடியில் வெள்ளையாகப் பொரிந்து நின்றது. ஆறவிட்டு மறுபடி நிறுத்தோம். சாசர் எடை போக ஐந்து குன்றிமணி இருந்தது. பத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். ஐந்துதான். தொட்ட விரலெல்லாம் எனக்கும் அவருக்கும் கறுத்துவிட்டது. அவர், "கொயந்த கன்னத்துல கீதுன்னியே, அதே கறுப்புதானா?" என்று கேட்டார். அதேதான் என்றேன்.

கணக்கையும் நானே போட்டேன். மருந்து ஐந்து, தண்ணீர் தொண்ணூற்றைந்து. ஐந்தைத் தொண்ணூற்றைந்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஐந்தேகால் வருகிறது. நூற்றுக்கு ஐந்தேகால்! நூற்றுக்கு ஒன்று போட வேண்டிய கண்ணில் ஐந்தேகாலைப் போட்டிருக்கிறேன்.

இதை ஒரு காகிதத்தில் எழுதி பஞ்சாயத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். உங்கள் பேரும் சொல்ல வேண்டி வரும். என் பேரும்தான். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஒன்று என்று ஏன் எழுதினீர்கள்? கட்டிய பெண்சாதிக்கு எழுதுகிற கடிதத்தில் பொய் எழுத உங்கள் கை கூசவில்லையா?

ஜெயம்

---

செங்கல்பட்டு
22-5-1961

ஜெயத்துக்கு,

உன் கணக்குத் தப்பு.

ஐந்தைத் தொண்ணூற்றைந்தால் வகுக்கக் கூடாது. நூற்றுக்கு இவ்வளவு என்றால் மொத்தக் கரைசலில் நூற்றுக்கு இவ்வளவு என்று அர்த்தம். தண்ணீரில் நூற்றுக்கு அல்ல. சில்வர் நைட்ரேட் என்கிற உப்பும் அந்த மொத்தத்துக்குள்தான் இருக்கிறது. ஐந்தும் தொண்ணூற்றைந்தும் சேர்ந்து நூறு. ஐந்தை நூறால் வகுத்து நூறால் பெருக்கு. ஐந்து. ஐந்தேகால் இல்லை, ஐந்து. நீ நிறுத்தது குன்றிமணியாக இருந்தாலும் சரி, கிராமாக இருந்தாலும் சரி, மேலே போட்டதையே கீழேயும் போட்டால் விடை மாறாது. நிறுத்த விதம் சரி. வகுத்ததுதான் தப்பு. இந்த ஐந்தேகாலைக் கொண்டுபோய்ப் பஞ்சாயத்தில் வைத்தால், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் எழுந்து, கணக்கே தெரியாத நர்ஸ் சொல்வதை நம்புவதா என்று கேட்பான். அந்தப் பெண்ணின் வழக்கு அங்கேயே விழுந்துவிடும்.

இது வரைக்கும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது. ஒன்று என்று சாதித்தவன் ஐந்து என்று திருத்தி அனுப்புகிறேன். கிழித்துப் போட நினைத்தேன். முடியவில்லை. ஜெயம், வேண்டுமென்றே தப்பாக எழுதினாயா? தப்புக் கணக்கைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது என்று தெரிந்து தூண்டில் போட்டாயா?

எப்படியோ போகட்டும். எனக்கும் ஐந்துதான் வந்தது. முதல் தடவை தராசு பிசகிவிட்டது என்று நினைத்தேன். தட்டைக் கழுவித் துடைத்து மறுபடி நிறுத்தேன். கடைப் பையனை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு தடவையும் நிறுத்தேன். ஐந்து, ஐந்து, ஐந்து.

நான் கலந்தபோது ஒன்றுதான், அது சத்தியம். ஆனால் உப்பு எங்கும் போகாது, தண்ணீர்தான் போகும். நூறு பங்கு கரைசலில் ஒரு பங்கு உப்பு இருந்தது. பங்குனி வெயிலிலும் சித்திரை வெயிலிலும் பஞ்சு வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, நூறு பங்கு இருபது பங்காகச் சுருங்கிவிட்டது. உப்பு அதே ஒரு பங்கு. இருபதில் ஒன்று என்றால் நூற்றில் ஐந்து. முத்துவேல் வீட்டுப் பையனுக்குப் போட்டபோது இரண்டோ மூன்றோ இருந்திருக்கும். அதனால் பிழைத்தான். மாதா மாதம் பாட்டில் மாறிக்கொண்டிருந்த வரைக்கும் உன் பஞ்சு யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

மாறாமல் போனது என்னால். மாசி மாதப் பாட்டிலைக் கலந்து, பேர் எழுதி ஒட்டி, மேஜை மேல்தான் வைத்திருந்தேன். சேட்டு வந்து கேட்டபோது அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கொடுக்கவில்லை. மருந்துக்காகவாவது நீ ஒரு தடவை பஸ் ஏறி வருவாய், வந்தால் பேசி இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். என் வீம்புக்கு அந்தக் குழந்தையின் கண் போயிற்று. தட்டில் ஐந்து நின்றதும் எனக்கு முதலில் குழந்தை ஞாபகம் வரவில்லை, ஆவணி மாதம்தான் ஞாபகம் வந்தது. கடை போய்விடுமே என்று வந்தது. அதனால்தான் ஒன்று என்று எழுதினேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிட்டம்மாளைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிடு. அடித்தால் போகாது என்று தெரியும். இருந்தாலும் அடித்துவிடு.

தனித் தாளில் கணக்கைச் சரியாக எழுதி, கம்பவுண்டர் என்று போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். அதில் பஞ்சைப் பற்றி எழுதவில்லை. கேட்டால், செங்கல்பட்டுக் கம்பவுண்டர் மருந்தையே அதிகமாகப் போட்டுக் கலந்துவிட்டான் என்று சொல்லிவிடு. என் வேலை எப்படியும் போகத்தான் போகிறது. உன்னுடையதாவது நிற்கட்டும்.

ஞானதாஸ்

---

உத்திரமேரூர்
1-6-1961

அன்புள்ள அத்தானுக்கு,

தூண்டிலும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. நிஜமாகவே தப்பாகத்தான் வகுத்தேன். நீங்கள் திருத்தி எழுதியதைப் படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, அதற்கும் பிறகு வெகுநேரம் அழுதேன்.

பஞ்சாயத்துக்குப் போனேன். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யா? அதையும் சுமக்க எனக்குத் தெம்பில்லை. மருந்து சரியாகத்தான் வந்தது, பஞ்சு வைத்து வற்றவிட்டவள் நான், மாற்றுப் பாட்டிலை அனுப்பாமல் வைத்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர் என்று மூன்றையும் சொன்னேன்.

வேப்பமரத்தடியில் தெரு முழுக்கக் கூடியிருந்தது. முனியன் மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். உங்கள் தாளை வாசித்தேன். பத்தரும் வந்து, தராசு தன்னுடையதுதான் என்று சாட்சி சொன்னார். ஆனால் நூற்றில் ஒன்று, நூற்றில் ஐந்து என்று நான் சொல்லச் சொல்ல எல்லாரும் என் வாயையே பார்த்தார்களே தவிர ஒருவருக்கும் ஏறவில்லை. "இன்னாம்மா நூறு, இன்னாம்மா அஞ்சு? பேஜார் பண்ணாம வெளங்கறாப்பல சொல்லு" என்று நாட்டாமை சலித்துக்கொண்டார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று தாளை மடித்தேன்.

அப்போது ஆண்டாளம்மாள்தான் பேசினாள். நான் எதிர்பார்க்கவே இல்லை. "உப்பு போட்டது போட்டபடியே கீது. தண்ணிதான் சுண்டிக்கிச்சி. கொயம்பு சுண்டினா கரிக்குமே, அதானே சொல்ற?" என்றாள். அதுதான் என்றேன். சோறாக்குகிற பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஆண்களுக்கு அவர்கள்தான் எடுத்துச் சொன்னார்கள். ஆண்டாளம்மாள் மட்டும் அதற்குப் பிறகு பேசவில்லை. தன் வாயால் மருமகளை என்னென்ன சொன்னோம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எல்லப்பன் எழுந்து என் முன்னால் வந்து நின்றான். "அப்போ கொயந்த கண்ண அவிச்சது நீங்க ரெண்டு பேரும்" என்றான். ஆமாம் என்றேன். அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கீழே துப்பிவிட்டு நகர்ந்தான். மறுநாள் விடுதிக் கமிட்டி என்னைக் கூப்பிட்டு அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டது. விசாரணை முடியும் வரை நான் பிரசவம் பார்க்கக் கூடாது. அது நியாயம்தான். நான் எதிர்த்துப் பேசவில்லை.

நான் உங்களுக்கு எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. சிட்டம்மாள் மேல் குற்றமில்லை என்று நாட்டாமை சொல்லிவிட்டார். எல்லப்பன் அவளிடம் போய்க் குழந்தைக்காகக் கையை நீட்டினான். "வா, வூட்டுக்குப் போலாம். நடந்தது நடந்துபோச்சி" என்றான். முனியன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் கூட மனசுக்குள் ஜெபம் சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தையையும் கொடுக்கவில்லை. அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நர்சம்மா, ஒண்ணு கேக்கறேன். நீ நிறுத்துப் பாக்க சொல்லோ அஞ்சு வந்திச்சி, நான் நல்லவளாயிட்டேன். ஒண்ணே வந்திருந்தா? மருந்து சரியா இருந்து, கண்ணு தானா கெட்டுப் போயிருந்தா, நான் கெட்டவளா?"

 அவளே மறுபடி சொன்னாள்: "சீக்கு ஆம்பளைக்கி இருந்து பொம்பளைக்கி வரும்னு நீதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்த? இவன யாருனா ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எல்லப்பன் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வா நைனா, பஸ் பூடும்" என்று அப்பனைக் கூப்பிட்டாள். மாலை பஸ்ஸில் கூரத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

 ஒரு மாதமாக நான் பதறியதெல்லாம் அந்தத் தட்டில் ஒன்று வந்துவிடக் கூடாதே என்றுதான். ஒன்று வந்திருந்தால் அவளுக்காக நான் பேசியிருப்பேனா, அல்லது எனக்கும் சந்தேகம் வந்திருக்குமா? சத்தியமாகத் தெரியவில்லை.

குழந்தையின் வலது கண்ணைச் சென்னையில் காட்ட வேண்டும். என்னை மட்டும் நம்பி அவள் இனிக் குழந்தையைக் கொடுக்க மாட்டாள். கொடுக்கவும் கூடாது. சனிக்கிழமை நீங்கள் வாருங்கள். கடை இருக்கிறதா போய்விட்டதா என்பதெல்லாம் அப்புறம். இருவருமாகக் கூரத்துக்குப் போய் அவள் எதிரில் நிற்போம். என்னிடம் கேட்டதை அவள் உங்களிடமும் கேட்பாள். என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வாருங்கள்.

ஜெயம்